வீட்டு வேலைக்கு மலிவு விலை வெல்டிங் மெஷின் வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

முன்பெல்லாம் வெல்டிங் மெஷின் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. மின்னணு முறையில் இயங்கும் இன்வர்ட்டர் வகை வெல்டிங் மெஷின்கள் வந்த பிறகு அது நான்கைந்து கிலோவுக்குச் சுருங்கி, தோளில் மாட்டும் வாரோடு கிடைக்கிறது. விலையும் வீட்டுக் கருவிகளின் விலைக்கு இறங்கிவிட்டது. கேட்டின் கீல் ஒன்று பெயர்ந்தாலோ, செடித் தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு தேவைப்பட்டாலோ, "நாமே ஒரு மெஷின் வாங்கிப் போட்டால் என்ன?" என்று தோன்றுவது இயல்புதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை தடிமனுள்ள சாதாரண இரும்பில், அவ்வப்போது சின்னச் சின்ன வேலை செய்கிறவருக்கு மலிவு விலை மெஷின் தாராளமாகப் போதும். மெல்லிய தகடு, அலுமினியம், உயிர்ப் பொறுப்புள்ள வேலை என்று வந்தால் போதாது. இந்த இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதை மெஷினைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலையில் தொடங்கி, வீட்டு மின்சாரம், இடம், பாதுகாப்புச் சாமான் என்று வந்து, மெஷினைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தள்ளுபடியைப் பார்த்து மெஷினை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு வேலை தேடுகிறார்கள்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் உங்கள் கையால் வெல்டிங் வைக்க நினைக்கும் வேலைகளை எழுதுங்கள். "ஏதாவது செய்யலாம்" என்று எழுதாதீர்கள். "பின்வாசல் கேட்டின் கீழ்க்கீல்", "ஒர்க் பெஞ்சுக்கு இரும்புச் சட்டம்", "உடைந்த நாற்காலிக் கால்" என்று பொருளின் பெயரோடு எழுதுங்கள்.

பட்டியலில் ஒன்றிரண்டுதான் வருகிறதென்றால் மெஷின் தேவையில்லை. பொருளை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள். சில வேலைகளுக்கு வெல்டிங்கே வேண்டாம். எல் ஆங்கிளில் துளை போட்டு போல்ட்டு நட்டு முடுக்கிய அலமாரி வருடக்கணக்கில் நிற்கும், வேண்டுமென்றால் கழற்றி மாற்றவும் முடியும். மெல்லிய தகட்டுக்கு ரிவெட் போதும்.

ஐந்தாறு வேலைக்கு மேல் வந்தால், அல்லது இந்தக் கைத்தொழிலையே கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், மேலே படியுங்கள். ஆசையும் நியாயமான காரணம்தான். ஆனால் ஆசைக்காக வாங்குகிறவர் வாரத்தில் சில மணி நேரம் பழைய இரும்பில் பழகத் தயாராக இருக்க வேண்டும்.

படி 2: என்ன உலோகம், எவ்வளவு தடிமன்?

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே உலோகத்தையும் தடிமனையும் குறியுங்கள். தடிமனைக் கண்ணால் மதிப்பிடாமல் வெர்னியர் காலிப்பர் வைத்துப் பாருங்கள். சதுரக் குழாயை வெளியிலிருந்து பார்த்தால் தடியாகத் தெரியும், வெட்டிப் பார்த்தால் சுவர் 1.2 மி.மீ. தான் இருக்கும். மொத்த முடிவும் இந்த ஒரு அளவில் மாறிவிடக்கூடும்.

உலோகத்தைக் கண்டுபிடிக்க முதலில் காந்தம். ஒட்டாவிட்டால் அது அலுமினியம், பித்தளை அல்லது பெரும்பாலான பாத்திர வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒட்டினால் இரும்பு வகை, ஆனால் அதிலும் வார்ப்பிரும்பு ஒளிந்திருக்கலாம். கிரைண்டரை லேசாக வைத்துப் பொறியைப் பாருங்கள். சாதாரண இரும்பில் மஞ்சள் நிறப் பொறி நீளமாகப் பறக்கும். வார்ப்பிரும்பில் சிவந்த குட்டைப் பொறி வந்து சீக்கிரமே அணையும். அலுமினியத்தில் பொறியே வராது, வீலில் அப்பிக்கொண்டு அடைக்கும் என்பதால் அதில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு (உருகி இணைப்பில் சேரும் வெல்டிங் குச்சி), முன்கூட்டிய சூடு, நிதானமான ஆறல் எல்லாம் வேண்டும். இல்லையென்றால் வெல்டிங்கின் ஓரத்திலேயே விரிசல் விடும். புதியவர் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

படி 3: வீட்டில் வைக்கக் கூடாத வேலைகளை அடியுங்கள்

பெட்ரோல் டேங்க், எண்ணெய் பேரல், எரிவாயு சிலிண்டர். காலியாக இருந்தாலும், கழுவியிருந்தாலும், எந்த மூடிய கொள்கலத்திலும் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் கொஞ்சநஞ்ச ஆவி போதும், வெடித்துவிடும். காலி எண்ணெய் பேரலை அறுக்கப் போய் உயிரை விட்டவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

அடுத்தது, வெல்டிங் விட்டுப் போனால் மனிதர் மேல் விழக்கூடியவை: ஊஞ்சல் கொக்கி, மாடிப்படி, பால்கனிக் கைப்பிடி, வண்டியின் சேசிஸ், டிரெய்லர் இணைப்பு, ஜாக்கி ஸ்டாண்டு. வெளியே அழகாகத் தெரியும் வெல்டிங், உள்ளே உலோகத்தோடு சேராமல் மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கலாம். அந்த வித்தியாசம் பழகின கண்ணுக்கே சில சமயம் தப்பும். மெஷின் மலிவா விலை உயர்ந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. இது கைப்பக்குவமும் பரிசோதனையும் சேர்ந்த பொறுப்பு. இந்த வேலைகளைப் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

அடித்தது போக மிச்சமிருப்பதுதான் உங்கள் உண்மையான பட்டியல்.

படி 4: எந்த வகை மெஷின்?

மலிவு விலையில் நான்கு வகை கண்ணில் படும்.

ராடு வைத்து அடிக்கும் ஆர்க் மெஷின் முதலாவது. ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறிதான் ஆர்க். பெட்டியில் எம்.எம்.ஏ. என்றும் போட்டிருப்பார்கள். கேஸ் சிலிண்டர் வேண்டாம். ராடின் மேல்பூச்சு எரிந்து தானே புகைக்கவசமும் கசடும் உண்டாக்கி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. வெட்ட வெளியில் காற்றடித்தாலும் வேலை நடக்கும், லேசான துருவையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கஷ்டம் எங்கே என்றால் மெல்லிய இரும்பில். 1.5 மி.மீ. க்குக் கீழே போனால் புதியவர் கை ஓட்டை போட்டுவிடும். 2 மி.மீ. க்கு மேல் பழகிக்கொள்ளலாம், 3 மி.மீ. க்கு மேல் சுகமாக இருக்கும்.

இரண்டாவது, கேஸ் இல்லாத கம்பி வகை. கம்பிச் சுருள் தானாக வந்துகொண்டிருக்கும், துப்பாக்கியின் விசையை அழுத்தினால் போதும். ராடின் மேல்பூச்சு செய்யும் வேலையைச் செய்ய, கம்பிக்குள்ளேயே ஃப்ளக்ஸ் என்ற பொடி இருக்கிறது. ராடைவிடச் சீக்கிரம் கைக்கு வரும். தெறிப்பும் புகையும் அதிகம், கம்பியும் ராடைவிட விலை கூடுதல். இதில் ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்குங்கள்: ஃப்ளக்ஸ் கம்பிக்குத் துப்பாக்கி நெகட்டிவில் இருக்க வேண்டும், கேஸோடு ஓடும் திடக் கம்பிக்குப் பாசிட்டிவில். உள்ளே முனையை மாற்றிப் போட வசதி இருக்கிற மெஷினாகப் பாருங்கள்.

மூன்றாவது, கேஸோடு ஓடும் மிக், அதாவது கம்பியோடு காற்றைத் தடுக்கும் கேஸும் துப்பாக்கி வழியே வரும் வகை. மெல்லிய சதுரக் குழாய்க்கும் தகட்டுக்கும் இதுதான் சரி. 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பியில் 1 மி.மீ. தகட்டைக்கூடச் சுத்தமாகச் சேர்க்கலாம். ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், கேஸ் நிரப்பும் செலவு எல்லாம் கூடவே வரும். காற்றடிக்கும் இடத்தில் கேஸ் விலகிப் போய் வெல்டிங் துளைத்துளையாக வரும்.

நான்காவது டிக், அதாவது உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க் எரியும் வகை. மலிவு ஆர்க் மெஷின்களில் "லிஃப்ட் டிக்" என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். அது டி.சி. யில் (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தில்) ஓடுவது, இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் உதவும், அலுமினியத்துக்கு உதவாது. அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் சுமார் 2,000 டிகிரி செல்சியஸில் உருகுவது, உள்ளே இருக்கும் உலோகமோ 660 டிகிரியில் உருகிவிடுகிறது. அந்தப் படலத்தை உடைக்க ஏ.சி. மின்னோட்டம் (திசை மாறி மாறி ஓடுவது) வேண்டும். ஏ.சி. டிக் மெஷின் மலிவு வரிசையில் வராது. அலுமினியம்தான் உங்கள் பட்டியலில் முக்கியம் என்றால் இந்த விலைப் பிரிவை விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் மெஷினாக ராடு வகை இன்வர்ட்டரைத்தான் சொல்வேன். பழகக் கொஞ்சம் நாளாகும், உண்மைதான். ஆனால் கெட்டுப்போக அதில் விசிறியைத் தவிர அசையும் பாகம் கிடையாது, மாதக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் எடுத்தால் ஓடும், ராடு எங்கும் கிடைக்கும். உங்கள் பட்டியல் முழுக்க 1.2 மி.மீ. சதுரக் குழாயாக இருந்தால் மட்டும் கேஸோடு ஓடும் கம்பி வகைக்குப் போங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் யாராவது விற்கிறார்கள் என்றால்? உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இல்லாததால் பல வருடம் உழைக்கும். ஆனால் கனமானது, மின்சாரத்தை அள்ளும், பெரும்பாலும் ஏ.சி. மட்டும்தான் தரும். வீட்டு லைனுக்கு ஒத்துவராது.

படி 5: வீட்டு மின்சாரம் தாங்குமா?

பலருடைய திட்டம் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் கணக்குப் போடலாம்.

ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்டேஜுக்கு ஒரு தர அளவு இருக்கிறது: ஆம்பியரை 0.04 ஆல் பெருக்கி 20 ஐக் கூட்டுங்கள். 2.5 மி.மீ. ராடுக்கு 90 ஆம்பியர் வைத்தால் 23.6 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் சுமார் 2,100 வாட். மெஷினுக்குள் போகும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 2,600 வாட். 230 வோல்ட் லைனில் இது 11, 12 ஆம்பியர் என்று தோன்றும். ஆனால் மலிவு இன்வர்ட்டர்கள் மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுப்பதால், உண்மையில் கம்பியில் ஓடுவது 16 முதல் 18 ஆம்பியர் வரை வரும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் விட்டுவிட்டுச் செய்தால் சமாளிக்கும். 3.15 மி.மீ. ராடுக்கு 120 ஆம்பியர் வைத்தால் 20 ஐத் தாண்டிவிடும். அதற்குத் தனி லைன், தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும்.

120 வோல்ட் பிளக் புள்ளி உள்ள நாடுகளில் சாதாரண வீட்டுப் பிளக்கிலிருந்து கிடைக்கும் பலம் மெல்லிய ராடு, மெல்லிய கம்பி அளவுக்குத்தான். அங்கே இருப்பவர்கள் 240 வோல்ட் லைன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சின்ன பிளக், மின்விசிறி லைன் இதிலெல்லாம் மெஷினைச் செருகவே கூடாது. வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பவர் பிளக்குக்கு வரும் கம்பி என்ன தடிமன், எம்.சி.பி. எத்தனை ஆம்பியர், எர்த் சரியாக வேலை செய்கிறதா? மூன்றாவதற்கு அவர் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிளக்கில் மூன்றாவது துளை இருக்கிறது என்பது பதில் ஆகாது. மெஷின் ஆன் செய்யும் போதெல்லாம் எம்.சி.பி. விழுகிறதென்றால், பி வகைக்குப் பதில், தொடக்க இழுப்பைத் தாங்கும் சி வகை போட முடியுமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பெரிய ஆம்பியர் எம்.சி.பி. யை நீங்களே மாற்றிவிடாதீர்கள். கம்பி அதே பழைய கம்பியாக இருந்தால் சுவருக்குள் எரியும்.

எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 2.5 சதுர மி.மீ. கம்பிக்குக் குறையாமல் வாங்குங்கள். சுருளில் இருக்கும் கம்பியை முழுவதும் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகும். ஜெனரேட்டரில் ஓட்ட நினைப்பவர்களுக்கு 2.5 மி.மீ. ராடுக்கே 5 கே.வி.ஏ. அளவு வேண்டியிருக்கும்.

படி 6: இடம்

வெல்டிங் வைக்கிற இடத்தில் தரை சிமென்ட்டாகவோ மண்ணாகவோ இருக்க வேண்டும், மேலே ஓலையோ பந்தல் துணியோ இருக்கக் கூடாது. பொறி பல அடி தூரம் உருண்டு போய்ப் பலகை இடுக்கில் உட்கார்ந்து, நீங்கள் சாப்பிடப் போன பிறகு தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் அரை மணி நேரமாவது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல், முடிந்தால் ஒரு தீயணைப்பான். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஈரத் தரையில் நின்றுகொண்டு ராடு மாற்றாதீர்கள். ஆர்க் ஓடாத நேரத்தில் ராடு முனையில் 60 முதல் 90 வோல்ட் வரை நிற்கும். உலர்ந்த கையுறைக்கு அது ஒன்றுமில்லை, வியர்வையில் ஊறிய கைக்கு ஆபத்து. வி.ஆர்.டி. என்று போட்டிருக்கும் மெஷின்கள் ஓய்வு நேரத்தில் இந்த வோல்டேஜைக் குறைத்துவிடும். கிடைத்தால் நல்லது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடியோ பொது இடமோ பயன்படுத்த அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஒளி, புகை, கிரைண்டர் சத்தம் மூன்றும் அக்கம்பக்கத்தைத் தொடும். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள் என்பதை மறக்கவே கூடாது.

படி 7: மெஷினுக்கு வெளியே ஆகும் செலவு

மெஷின் விலையை மட்டும் மனதில் வைத்திருப்பவர் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார். ஹெல்மெட், கையுறை, கிரைண்டர், கட்டிங் வீல், கம்பி பிரஷ், சிப்பிங் சுத்தியல், நான்கைந்து கிளாம்ப், மூலைமட்டம், ராடு பாக்கெட், பழக இரும்புத் துண்டுகள். எல்லாம் கூட்டினால் மலிவு மெஷினின் விலையை எட்டும், சில சமயம் தாண்டும். கையிருப்பு குறைவென்றால் மெஷினில் மிச்சம் பிடியுங்கள், ஹெல்மெட்டில் பிடிக்காதீர்கள்.

மெஷினோடு இலவசமாக வரும் கைப்பிடி முகமூடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கை அதற்கே போய்விடும், அவசரத்தில் அதைத் தூக்காமல் கண்ணை மூடிக்கொண்டு டேக் (துண்டைப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டிங்) வைக்கத் தோன்றும். அந்த ஒரு வினாடியே போதும். ஆர்க்கின் புற ஊதா ஒளி பட்ட கண்ணுக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தித் தண்ணீர் கொட்டும், கண்ணைத் திறக்க முடியாது. வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும் கண் மருத்துவரைப் பார்த்துவிடுவதே சரி. கண்ணை மூடினாலும் முகத் தோல் வெயிலில் வெந்ததுபோல் வேகும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் இதே கதிதான், அதனால் ஒரு மறைப்பு கட்டுங்கள்.

தானாகக் கறுக்கும் ஹெல்மெட் புதியவருக்குப் பெரிய உதவி. ராடு முனையை இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆர்க் தொடங்கலாம். வீட்டு வேலைக்கான ஆம்பியருக்குக் கறுப்பு எண் 10 அல்லது 11. ஐரோப்பிய ஈ.என். 379 (அதற்குப் பதிலாக வந்தது ஈ.என். ஐ.எஸ்.ஓ. 16321) அல்லது அமெரிக்க இசட் 87.1 தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரமான கண்ணாடியில் புற ஊதா வடிகட்டி எப்போதும் வேலை செய்யும், கறுப்பதற்கு முன்பும்கூட. தரக்குறி இல்லாததில் அந்த உத்தரவாதம் கிடையாது.

உடைக்குத் தடித்த பருத்தி. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். முழுக்கை, மூடிய தோல் ஷூ, பேன்ட்டை ஷூவுக்குள் செருகாமல் மேலே விடுவது. செருகினால் பொறி நேராக உள்ளே இறங்கும்.

புகையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017 இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. திறந்த இடத்தில், காற்று பக்கவாட்டில் போகும்படி நின்று, புகைக்கு மேல் தலையை நீட்டாமல் செய்யுங்கள். துகள் வடிகட்டும் முகக்கவசம் ஹெல்மெட்டுக்குள் அடங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் பூச்சை இரண்டு மூன்று செ.மீ. தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வெல்டிங். அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவே காய்ச்சல், குளிர், உடம்பு வலி வரும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் எடுங்கள். ஆனால் அதைக் கிரைண்டரில் தேய்த்தால் தூசி மூக்குக்குள் போகும், பெயின்ட் ரிமூவர் போட்டு வழித்து நன்றாகக் கழுவிக் காய வைப்பது மேல். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த இரும்பில் மட்டும் ஒருபோதும் ஆர்க் தொடங்காதீர்கள். அதன் ஆவி ஆர்க்கின் ஒளியில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

படி 8: பெயர்த்தகட்டைப் படியுங்கள்

இப்போது மெஷினுக்கு வரலாம். முன்பக்கத்தில் பெரிய எண்ணில் 200, 250 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சிறிய பெயர்த்தகட்டைத் தேடுங்கள்.

அதில் எக்ஸ் என்ற எழுத்துக்கு எதிரே சதவீதம் இருக்கும். அதுதான் டியூட்டி சைக்கிள், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஆர்க் ஓட்டலாம் என்ற கணக்கு. 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. அதன் கீழே அந்தச் சதவீதத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். "160 ஆம்பியர், 20 சதவீதம்" என்பதும் "90 ஆம்பியர், 60 சதவீதம்" என்பதும் ஒரே மெஷினில் இருக்கலாம். உங்களுக்கு வேண்டிய எண் இரண்டாவது. வீட்டு வேலையில் ராடு மாற்ற, கசடு தட்ட, துண்டைப் பொருத்த என்றே பாதி நேரம் போய்விடும், ஆகவே 90 ஆம்பியரில் 40 சதவீதம் இருந்தாலே பெரும்பாலும் போதும். தரமான மெஷின்கள் இதை 40 டிகிரி வெப்பத்தில் அளந்து எழுதுகின்றன. எந்த வெப்பத்தில் அளந்தார்கள் என்றே சொல்லாத தகடு என்றால் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் உண்மையா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. 250 ஆம்பியர் தருவதாகச் சொல்லும் மெஷினுக்கு முன்பு போட்ட அதே கணக்கு: 0.04 ஆல் பெருக்கி 20 ஐக் கூட்டினால் 30 வோல்ட், பெருக்கினால் 7,500 வாட். இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட்டில் 32 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஆனால் அதன் வாலில் 16 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய கம்பியும் தொங்குகிறதென்றால், முன்பக்க எண் வெறும் ஸ்டிக்கர். இதனால் மெஷின் உபயோகமில்லை என்று ஆகிவிடாது. உள்ளே உண்மையான 120 ஆம்பியர் இருந்தால் உங்கள் பட்டியலுக்கு அதுவே போதும். நீங்கள் 250 க்குப் பணம் கொடுக்காமல் இருந்தால் சரி.

தகட்டில் டியூட்டி சைக்கிளே இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன். சதுரத்துக்குள் எஸ் என்ற குறி இருந்தால், மின் அதிர்ச்சி ஆபத்து அதிகமுள்ள இடத்திலும் பயன்படுத்தத் தகுந்த வெளியீட்டு வோல்டேஜ் என்று பொருள்.

அப்புறம் கையில் எடுத்துப் பாருங்கள். வேலை செய்யும் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் எர்த் கிளாம்ப், தகட்டை மடித்துச் செய்த பொம்மைபோல் இருக்கிறதா, செம்பு இணைப்பு இருக்கிறதா? மலிவு மெஷின்களில் பாதிப் பிரச்சினை இந்தக் கிளாம்ப்பிலும் குட்டைக் கேபிளிலும்தான். இரண்டையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதற்காக மெஷினையே ஒதுக்க வேண்டியதில்லை, செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சர்வீஸ் யார் செய்வார்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு கிடைக்குமா, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

ஹாட் ஸ்டார்ட், ஆன்டி ஸ்டிக், ஆர்க் ஃபோர்ஸ் (ராடு நெருங்கும்போது மின்னோட்டத்தைக் கூட்டுவது) என்ற மூன்று பெயர்களும் பெட்டியில் இருக்கும். ராடு ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தை வெட்டும் ஆன்டி ஸ்டிக்தான் புதியவருக்கு மிகவும் உதவும். தொடங்கும் நொடியில் மின்னோட்டத்தைக் கூட்டும் ஹாட் ஸ்டார்ட் தடித்த இரும்பில் நல்லது, மெல்லிய குழாயில் தொடங்கிய இடத்திலேயே ஓட்டை போடும்.

படி 9: திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் சோதியுங்கள்

வாங்கியதும் பெட்டியை மூலையில் வைத்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே வேலை வாங்கிப் பாருங்கள்.

6013 எண் ராடு, 2.5 மி.மீ., ஒரு பாக்கெட் எடுங்கள். முதல் இரண்டு எண்கள் பலத்தைக் குறிப்பவை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மூன்றாவதான 1 எந்த நிலையிலும் வைக்கலாம் என்பது, கடைசி எண் பூச்சின் வகை. தொடங்க எளிது, கசடு நன்றாக உரியும். 7018 பலமானது, ஆனால் ஈரம் படாமல் காக்க வேண்டும், மலிவு மெஷின்களில் சில அதை மறுபடி பற்றவைக்கத் திணறும். அது பிறகு.

4 மி.மீ. தடிமனுள்ள பட்டைத் துண்டுகளைப் பளபளக்கத் தேய்த்துக்கொள்ளுங்கள். எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தையும் தேய்க்க வேண்டும், துருவின் மேல் கடித்தால் எந்த மெஷினும் திணறும். 80 ஆம்பியர் வைத்து நேர்கோடாக ஐந்தாறு ராடு தொடர்ந்து போடுங்கள். நடுவில் மெஷின் சூடாகி நின்றால் தகட்டில் எழுதிய டியூட்டி சைக்கிளோடு ஒப்பிடுங்கள். ஹோல்டர் கேபிள், பிளக், சுவரின் பிளக் புள்ளி மூன்றையும் மெஷினை அணைத்த பிறகு தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே இணைப்பு தளர்வாக இருக்கிறது.

ஓட்டும்போது ஒளியைப் பார்க்காமல் அதன் பின்னால் வரும் உருகிய குட்டையைப் பாருங்கள். அது முட்டை வடிவில், ராடின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில், ஓரங்களில் இரும்போடு கலந்து வர வேண்டும். கயிறுபோல் மேலே குவிந்து நின்றால் ஆம்பியர் குறைவு அல்லது கை வேகம் அதிகம். ஓரத்தில் பள்ளம் விழுந்தால் ஆம்பியர் அதிகம் அல்லது முனை விலகிப் போகிறது.

கிரைண்டரை மெஷினுக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் விசிறி இரும்புத் தூளை இழுத்து போர்டின் மேல் கொட்டும், அதனாலேயே போர்டு ஷார்ட் ஆகிச் செத்துப்போகும்.

கடைசியாக உடைத்துப் பார்க்கும் சோதனை. இரண்டு துண்டுகளை டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வையுங்கள். ஆறியதும் அடித்துண்டை வைஸில் கடித்துக்கொண்டு, வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, நிற்கும் துண்டை வெல்டிங் இருக்கும் பக்கமாக மடக்குங்கள். துண்டு வளைந்து, வெல்டிங் தாக்குப்பிடித்தால் நல்லது. வெல்டிங்கே கிழிந்து, உள்ளே சாம்பல் நிறப் புது உலோகம் சொரசொரப்பாகத் தெரிந்தாலும் இரண்டு பக்கமும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு துண்டிலிருந்து மட்டும் ஸ்டிக்கர் உரிவதுபோல் கழன்று, அடியில் நீங்கள் தேய்த்த கோடுகள் அப்படியே தெரிந்தால் அங்கே உருகவே இல்லை. ஆம்பியரை 10 ஏற்றி, ராடு முனையை இன்னும் நெருக்கி, மறுபடி வைத்து மறுபடி உடையுங்கள். 100 ஆம்பியர் வரை ஏற்றியும் 4 மி.மீ. இரும்பில் அது கலக்கவில்லை என்றால், பழகின ஒருவரை அழைத்து அதே மெஷினில், அதே ராடில் ஒரு துண்டு போடச் சொல்லுங்கள். அவர் கையிலும் கழன்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் கையில் கலந்தால் மெஷினை வைத்துக்கொண்டு இன்னொரு பாக்கெட் ராடு வாங்குங்கள்.